அண்ணியின் குரல் இடது பக்கம் மட்டும்

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரைத்தொப்பி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஹெட்போனை அவர் மாட்டிக்கொள்ளும் அழகு அப்படி. இடது காதை முழுசாக மூடியிருக்கும். வலது பக்கத்துக் கிண்ணம் காதுக்குப் பின்னால் ஒதுங்கி, சரிந்த தொப்பி மாதிரி நிற்கும். "ஏன் இப்படிப் போட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "ஒரு காது மெஷினுக்கு, ஒரு காது மனுஷங்களுக்கு" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கூடப் பிறந்த தங்கச்சி நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

பதினாறு வயதில் கூம்பு ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பம் ஏற ஆரம்பித்தவர். பிறகு வயர் ஒட்டினார், மைக் பிடித்தார், மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை ஏற்றி இறக்கினார். நாற்பது வயதில் டயர் கடை மாடியில் ஒரு அறை பிடித்து ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலுக்குப் பழைய மெத்தை அடித்து, கதவிடுக்கில் துணி திணித்து, உள்ளே போனால் நம் மூச்சு நமக்கே கேட்கும். கல்யாண வாழ்த்து, கடைத் திறப்பு அறிவிப்பு, துக்கச் செய்தி, பிரார்த்தனைப் பாட்டு என்று எல்லாம் அங்கேதான் பதிவாகும். அறையைக் கூட்டித் துடைப்பதும் டீ போடுவதும், மைக் போட்டதும் மின்விசிறியை நிறுத்துவதும் என் வேலை. விசிறி சத்தம் பாட்டுக்குள் போய்விடக் கூடாதல்லவா.

தொழிலில் அண்ணன் ரொம்பக் கறார். வயரைத் தப்பாகச் சுற்றி வைத்தால் மூஞ்சி மாறிவிடும். இயர்போனை யாராவது இடம் மாற்றிக் காதில் வைத்தால், முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், "இடது இடதுக்கு, வலது வலதுக்கு. செருப்ப மாத்திப் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுவார். வலது பக்க பிளக் எல்லாவற்றுக்கும் அண்ணியின் சிவப்பு நகப்பூச்சைத் தடவி அடையாளம் வைத்திருந்தார்.

அண்ணியைச் சந்தித்ததும் ஒரு மைக்கால்தான். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு நாள் அண்ணி பாட எழுந்தார். மைக் வேலை செய்யவில்லை. அண்ணன் கீழே குனிந்து வயரை நோண்டிக்கொண்டே இருக்கிறார். கூடமே காத்திருக்கிறது. அண்ணி மைக்கே இல்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: "செட்டுக்காரரே, நான் பாடி முடிச்சதும் சுவிட்ச் போடலாம்னு இருக்கீங்களா?"

சாமி கும்பிட வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் தலையே நிமிரவில்லை. நாலு மாதத்தில் கல்யாணம்.

அண்ணி வாய்த் துடுக்கு என்றால் அப்படி ஒரு துடுக்கு. ஆனால் பாட எழுந்தால் வேறு ஆள். வாரம் தவறாமல் கூடத்தில் பாடுவார். கண்ணை மூடிக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி நம்மைக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும், கடவுளும் அந்தப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

போன வருஷம் அண்ணிக்குத் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தோம். வெந்நீர் குடித்தார், கஷாயம் குடித்தார். மூன்று மாதம் ஆகியும் கரகரப்பு போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி இருக்கிறது, மொத்தமாக எடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் நல்ல மனுஷர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "உயிருக்கு நான் முயற்சி பண்றேன். குரல் இருக்காதும்மா."

வெளியே வந்து மூன்று பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணிதான் முதலில் பேசினார்.

"இருபத்தாறு வருஷமா வாய மூடு, வாய மூடுன்னு சொல்லிட்டிருந்தீங்க. கடவுள் காதுல இப்பத்தான் விழுந்திருக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு, "பாடிடு. தெரிஞ்சது எல்லாத்தையும் பாடிடு. நான் புடிச்சு வச்சுக்கறேன். உன் குரல் எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றார்.

ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மூன்று காலைகள் பதிவு செய்தோம். அண்ணன் கீழே போய் டயர் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா பாடி முடிக்கிற வரைக்கும் என் கடையில ஒரு போல்ட்டு கூட உருளாது" என்றார். அப்படியே செய்தார். மூன்று காலையும் பஞ்சர் ஒட்ட வந்தவர்களைக் கை காட்டி வெளியே உட்கார வைத்தார்.

அண்ணிக்குக் குரல் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. "இந்தக் கரகரப்பையா புடிச்சு வைக்கப் போறீங்க? எதிர்க்கடை எக்கோகிட்ட போயிருந்தா கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரியாவது பண்ணித் தருவான்" என்றார். எதிர்க்கடையில் இன்னொரு ஒலிப்பதிவுக்காரர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் எதிரொலி போடுவதால் அவருக்கு எக்கோ என்று பெயர்.

பதினோரு பாட்டு பாடினார். கடைசிப் பாட்டில் பாதியில் இருமல் வந்துவிட்டது. திரும்பத் தொடங்கப் பார்த்தார், முடியவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து, "என்னங்க, கேக்குதா?" என்றார்.

"கேக்குது. போதும்" என்று அண்ணன் மெஷினை நிறுத்தினார்.

அந்தப் பதிவில் ஒரு வெட்டு ஒட்டும் செய்யவில்லை. கம்ப்யூட்டரில் திறந்தும் பார்க்கவில்லை. "அவ பாட்டுல நான் கை வைக்க மாட்டேன்" என்று ரெக்கார்டிங் பெட்டியிலிருந்து அப்படியே போனுக்கு மாற்றிக்கொண்டார். வீட்டில் போனை மேஜையில் வைத்துப் போட்டுப் பார்த்தார். நன்றாகவே கேட்டது.

ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு நான் கும்பிடாத நாளில்லை. அண்ணியின் கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். பேச வாயைத் திறந்தால் உதடு மட்டும் அசையும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் அண்ணி அதில் எழுதியது: "பக்கத்து கட்டில்காரி குறட்ட தாங்கல."

நாலாம் நாள் சாயங்காலம் பார்வை நேரத்தில் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி. கட்டில் பக்கத்தில் வைத்துப் பாட்டைப் போடப் போனார். அண்ணியின் குரல் எழும்புவதற்குள் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

"சார், வார்டுல பாட்டெல்லாம் போடக் கூடாது."

"பாட்டு இல்லம்மா. இவங்க குரல்."

"யார் குரலா இருந்தாலும் வார்டு ஒண்ணுதான் சார். இயர்போன் போட்டுக்குங்க."

சட்டைப் பையில் இயர்போன் இருந்தது. தலையணைப் பக்கம் கட்டில் விளிம்பில் அண்ணிக்கு நெருங்கி உட்கார்ந்தார். இடது முனையைத் தன் இடது காதில் வைத்தார். வலது முனையை அண்ணியின் வலது காதில் வைத்தார். வயர் குட்டை. இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டால்தான் எட்டும். அண்ணன் கண்ணை மூடினார். அவருடைய விரல் போர்வையில் தாளம் போட்டது. அண்ணி தலையாட்டினார். அவருடைய விரலும் கூடவே தாளம் போட்டது.

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரி என்னிடம், "இந்த வயசுலயும் பாரேன், ஒரு வயருக்குள்ள ரெண்டு பேரு" என்று கண்ணடித்தாள்.

ஆறு நாள் இப்படி நடந்தது. நாலு மணி அடித்தால் அண்ணன் வந்துவிடுவார். பதினோரு பாட்டும் ஓடும். முடிந்ததும், "எப்படி?" என்பார். அண்ணி தலையாட்டுவார். அண்ணன் வயரை மடிப்புக் கலையாமல் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வார்.

ஆறாம் நாள் பாட்டு முடிந்ததும் நர்ஸ் ஒரு மருந்துச் சீட்டு கொடுத்தார். அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனார். நான் அதுவரை அந்தப் பாட்டுகளை நிம்மதியாகக் கேட்டதே இல்லை. இரண்டு முனையையும் என் காதில் வைத்துக்கொண்டு போட்டேன்.

இடது காதில் அண்ணி பாடினார். வலது காதில் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கோ தூரத்தில் ஒரு வண்டு முரலுகிற மாதிரி, ங்ம்ம்ம் என்று ஒரு சத்தம்.

இயர்போன் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் போனை வாங்கி அதில் செருகிப் பார்த்தேன். அவள் போனில் இருந்த பாட்டு இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. திரும்ப அண்ணன் போனில் செருகினேன். முனைகளை மாற்றி வைத்தேன். இப்போது வலது காதில் பாட்டு, இடது காதில் வண்டு. ஆறு நாளாக அண்ணியின் காதில் இருந்தது எந்த முனை என்று எனக்குத் தெரியும்.

"அண்ணி, உங்களுக்கு இத்தனை நாளா பாட்டு கேட்டுச்சா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நோட்டை எடுத்தார்.

"வண்டு சத்தம்."

"அப்புறம் ஏன் தலையாட்டுனீங்க? தாளம் வேற போட்டீங்களே?"

"அவர் விரல பாத்து போட்டேன். அவர் மூஞ்சிய பாத்தியா நீ? எப்படி சொல்றது."

பிறகு கீழே எழுதினார்.

"அவருக்கு வலது காது கேக்காது. ஒம்பது வருஷமாச்சு. யாருக்கும் சொல்லல. தொழில் போயிடும்னு பயம்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அண்ணி தெருவில் நடக்கும்போது எப்போதும் அண்ணனின் இடது பக்கமே நடப்பது ஞாபகம் வந்தது. பந்தியிலும் பஸ்ஸிலும் பிரார்த்தனைக் கூடத்திலும் அவருக்கு இடது பக்கம்தான். நான்கூட அதை ஏதோ அண்ணியின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். மனுஷங்களுக்கு என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த காதுதான் அந்தக் கேட்காத வலது காது.

"அவரே சொன்னாரா உங்ககிட்ட?"

"இல்ல. கூட படுக்கறவளுக்கு தெரியாதா." பிறகு வேகமாக எழுதினார்: "நீ சொல்லிடாத. எனக்கு பாட்டு கேக்கலன்னு தெரிஞ்சா செத்துருவாரு. நம்பி பாடுனா, நானே கோட்டை விட்டேன்னு."

"அப்போ உங்க பாட்டு உங்களுக்கு வேணாமா அண்ணி?"

பென்சிலை ரொம்ப நேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மருந்துப் பொட்டலத்தோடு வார்டு வாசலில் தெரிந்தபோது, ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்து என் கையில் திணித்தார்.

"வேணும்."

அடுத்த நாள் காலை, வழக்கம்போல பிரார்த்தனைக் கூடத்தைக் கூட்டப் போனவள், பாதி வேலையில் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கடவுளே, சொன்னால் அண்ணனுக்கு வலி, சொல்லாவிட்டால் அண்ணிக்கு வலி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. வராதது அவர் குற்றம் இல்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கடைசியில் நானாகவே ஒரு பொய்யைத் தயார் பண்ணினேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அண்ணனின் அறைக்குப் போய் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "அண்ணே, அந்த இயர்போன் கெட்டுப்போச்சு போல. வலது பக்கம் கேக்கல. நர்ஸ்கிட்ட சொல்லி, கொஞ்சமா சத்தம் வச்சு வெளியிலேயே போட்டுக் கேக்கலாமே."

போனில் வெளியே போட்டால் அண்ணிக்கும் கேட்டுவிடும், இவருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். அதுதான் என் கணக்கு. ஆனால் முப்பத்தைந்து வருஷம் வயரோடு வாழ்ந்த மனுஷரிடம் ஒரு சாமான் கெட்டுவிட்டது என்று சொன்னால், அவர் அதைச் சோதித்துப் பார்க்காமல் விடுவாரா?

வலது முனையை எடுத்துத் தன் இடது காதில் வைத்தார். வேறு ஏதோ பாட்டைப் போட்டார். கேட்டது. "நல்லாத்தானே இருக்கு" என்றார். பிறகு அண்ணியின் பாட்டைப் போட்டார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய்ப் பெரிய ஹெட்போனை எடுத்தார். முன்பின்னாகத் திருப்பி, வலது கிண்ணம் இடது காதில் வருகிற மாதிரி மாட்டிக்கொண்டார். இடது இடதுக்கு என்று சொல்லியே வயசாகிவிட்ட மனுஷர். இத்தனை வருஷத்தில் அவர் அதைத் திருப்பி மாட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரெக்கார்டிங் பெட்டியின் முகப்பில் இரண்டு வரிசைப் பச்சை விளக்குகள் உண்டு. ஆள் பேசினால் இரண்டும் ஏறி இறங்க வேண்டும். கீழ் வரிசை இரண்டு வருஷமாக எரியவில்லை. விளக்குதானே போச்சு, சத்தமா போச்சு என்று அண்ணன் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார், பதிவுக்கு வருகிறவர்கள் பார்த்துக் குறை சொல்லாமல் இருக்க. இப்போது அந்த டேப்பை நகத்தால் உரித்தார். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, சிவப்பு நகப்பூச்சு தடவிய பிளக்கை உருவினார். அதோடு வயர் வரவில்லை. உள்ளே ஒரே ஒரு நூல் கம்பி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் அறுந்திருந்தது. வேறு வயரைச் செருகி மைக்கை விரலால் தட்டினார்.

கீழ் வரிசை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

விளக்கு கெடவே இல்லை. வலது பக்கம் சத்தம் வரவில்லை என்று அது இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து சொன்னாரு" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "வாழ்த்து ஒரு பக்கம்தான் கேக்குதுன்னு. உங்க செட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லி விரட்டி விட்டேன்."

ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"மத்தவங்க எல்லாம் போன்லதானே போட்டுக் கேக்குறாங்க. போன்ல ரெண்டும் கலந்து வந்துடும். தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவளுக்கு நான் எந்தப் பக்கத்தக் குடுத்தேன்?"

"வலது."

"ஆறு நாளும்?"

"ஆமாண்ணே."

"தலையாட்டினாளே."

அவர் அந்த ஒரு வார்த்தையை மறுபடியும் சொன்னார், என்னிடம் இல்லை. "தலையாட்டினாளே." பிறகு கீழே டயர் கடையில் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் சாப்பிட வரவில்லை. நான் தட்டோடு மாடி ஏறிப் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள். மேல் பட்டையில் அண்ணியின் பாட்டு மேடும் பள்ளமுமாக ஓடியது. கீழ்ப் பட்டையில் ஒரு கோடு, அவ்வளவுதான். அவசரத்தில் முதலில் இரண்டையும் சேர்த்துக் கலக்கியிருக்கிறார். அண்ணியின் குரல் பாதியாகக் குறைந்துவிட்டது. சரியென்று சத்தத்தைக் கூட்டினால் வண்டும் கூடவே பெரிதாகி எழுந்துவிட்டது.

"புத்தி வேலை செய்யல. செத்த பக்கத்த எதுக்குக் கலக்குறேன் நான்?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். கீழ்ப் பட்டையைத் துடைத்து எறிந்தார். மேல் பட்டையை அப்படியே நகல் எடுத்துக் கீழேயும் வைத்தார். இப்போது மேலும் கீழும் ஒரே மேடு, ஒரே பள்ளம். ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிஷம் ஆகவில்லை. இரண்டு நிமிஷ வேலைக்காகத்தான் அண்ணி ஆறு நாள் வண்டு சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.

பிறகு ஹெட்போனைக் கழற்றினார். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"நீ போட்டுக்க. எங்கிருந்து வருதுன்னு சொல்லு."

யாரையும் தொடவிடாத ஹெட்போன் அது. ஏன் என்னைக் கேட்கச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதோடு விட்டோம்.

மாட்டிக்கொண்டேன். அண்ணி பாடினார்.

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லண்ணே. நடு நெத்திக்குள்ள இருந்து வருது."

"இடது பக்கம் சாயுதா?"

"இல்ல."

"வண்டு?"

"இல்ல. கரகரப்பு மட்டும்தான்."

"அது அவளோடது. அது இருக்கட்டும்" என்றார்.

பதினோரு பாட்டையும் இப்படியே பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் நான் கேட்டுச் சொல்ல, அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொன்னாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. நான் சொல்லவில்லை. ஒரு பொய்க்கே பட்டது போதும்.

சாயங்காலம் நாலு மணிக்கு வார்டுக்குப் போனோம். அண்ணிக்கு அன்றைக்குக் குழாயை மாற்றியிருந்தார்கள். முகம் வாடியிருந்தது. அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"உன்ன மாதிரி நடிக்கிறவள நான் பாத்ததில்ல."

அண்ணி என்னைப் பார்த்தார். ஒரே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு நோட்டை எடுத்து எழுதினார்: "இருபத்தாறு வருஷ பழக்கம்." அண்ணன் அதைப் படித்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் வரும். கேளு" என்று வலது முனையை அண்ணியின் காதில் மெதுவாக வைத்தார். இடதைத் தான் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

நான் அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கியது அவருடைய கண்ணிலேயே தெரிந்தது. இமை அசையாமல் கேட்டார். உதடு தானாகத் திறந்தது, கூடப் பாடப் போகிற மாதிரி. கழுத்துக் குழாயிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. இன்னொரு தடவை உதடு திறந்தது. காற்றுதான் வந்தது. அண்ணியின் கை கழுத்துக்குப் போய் அந்தக் குழாயின் மேல் நின்றது.

ஒரு பாட்டு முடியவில்லை. காதில் இருந்ததை எடுத்துவிட்டார்.

அண்ணன் கண்ணை மூடியிருந்தார். போர்வையில் அவருடைய விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணி அந்த விரலைப் பார்த்தார். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் குனிந்ததும், தன் காதிலிருந்து எடுத்ததை என் காதில் வைத்துவிட்டார். வயர் இழுபடாமல் இருக்க நான் கட்டிலோரம் மண்டி போட்டேன். அண்ணியின் விரல் பழையபடி தாளம் போட ஆரம்பித்தது. அவர் விரலைப் பார்த்துப் பார்த்துப் போட்டது.

எழுந்து போகவும் முடியவில்லை, "அண்ணே, கண்ணத் திறங்க" என்று சொல்லவும் முடியவில்லை. மண்டி போட்டது போட்டபடி மீதிப் பத்துப் பாட்டையும் நான்தான் கேட்டேன். அத்தனை அழகாக இருந்தது. அண்ணிக்காக நான் கேட்கிறேன் கடவுளே, இதை எப்படியாவது அவருக்குச் சேர்த்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எனக்கு என்ன செய்யத் தெரியும்?

கடைசிப் பாட்டு வந்தது. பாதியில் இருமல். ஒரு நிறுத்தம். பிறகு என் நடு நெற்றிக்குள் இருந்து கேட்க வேண்டியது, ஒரு முனைதான் இருந்ததால் என் வலது காதில் கேட்டது.

"என்னங்க, கேக்குதா?"

அண்ணன் கண்ணை மூடியபடியே, வார்டுக்கே கேட்கிற மாதிரி, "கேக்குது, கேக்குது" என்றார்.

அண்ணியின் விரல் நின்றது.

அண்ணன் கண்ணைத் திறந்து, வழக்கம்போல, "எப்படி?" என்று திரும்பினார். அண்ணி தலையாட்டினார். ஆறு நாளும் ஆட்டிய அதே ஆட்டம். அப்போதுதான் அண்ணனின் கண் வயரின் மேல் போனது. வயரோடு கூடவே வந்து என் காதில் நின்றது.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கால் மரத்துப்போயிருந்தது. அண்ணன் குனிந்து, என் காதிலிருந்து அதை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். அண்ணியின் பக்கம் கொண்டு போனார். அண்ணி அதைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கேட்காத தன் வலது காதுக்குக்கூட அந்தக் கை ஒரு தடவை போனது, பழக்கமில்லாத இடத்துக்குப் போகிற மாதிரி, போய்விட்டு இறங்கிவிட்டது.

நர்ஸ் மணி அடித்து, பார்வை நேரம் முடிந்தது என்றார். வயரைச் சுற்றிப் பையில் வைக்க வேண்டும் என்பதே அண்ணனுக்கு மறந்துபோனது. வலது முனையை விரலுக்கு நடுவில் பிடித்தபடி, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.